நூறு கிலோமீட்டர் வரைக்கும் சாய்க்காதே

எங்கள் வீட்டு புல்லட்டுக்கு முன்சக்கரம், பின்சக்கரம் இரண்டுக்கும் ஒரே அளவு டயர். 3.25-19. இந்த ஒற்றுமையை வைத்து அப்பா ஒரு சிக்கனக் கணக்குப் போட்டு வைத்திருந்தார். இழுக்கிற சக்கரம் பின்னால் இருப்பதால் பின் டயர்தான் சீக்கிரம் தேயும், முன் டயர் பாதிகூடத் தேயாமல் கிடக்கும். அப்படியானால் முன்னால் கிடப்பதைக் கழற்றிப் பின்னால் போட்டு ஓட்டினால் என்ன? வடசேரியில் டயர் கடை வைத்திருந்த ஆசானிடம் போகும்போதெல்லாம் இதைக் கேட்பார். ஆசானும் சளைக்காமல் ஒரே பதிலைச் சொல்வார்.

"சாரே, முன்னால உள்ளதுல நீளநீளமா கோடு. அது வழி பாக்கும். பின்னால உள்ளதுல கட்டம் கட்டமா பட்டன். அது தள்ளும். ஆளை மாத்தி வேலை வாங்கப்பிடாது, கேட்டேளா?"

வர்மமும் அடிமுறையும் தெரிந்தவர்களைத்தான் நாகர்கோவில் பக்கம் ஆசான் என்பார்கள். இவருக்கு அவை இரண்டும் தெரியாது. யார் அந்தப் பெயரை வைத்தார்கள் என்பது அவருக்கே நினைவில்லை. கடை என்று பெரிதாக ஒன்றுமில்லை. வேப்பமரத்தடியில் ஒரு கம்ப்ரசர், பஞ்சர் பார்க்கத் தண்ணீர்த் தொட்டி, ஆணியில் தொங்கும் பழைய டியூப்கள், தரையில் சாக்கு. எண்பதுகளின் கடைசியில் அந்தச் சாக்கின் ஓரத்தில் உட்கார்ந்து பார்த்த வேலையைத்தான், இன்றைக்கும் எந்தக் கடையில் டயர் மாற்றினாலும் மனசு ஒப்பிட்டுப் பார்க்கிறது.

எங்கள் வண்டியின் பின்சக்கரத்தைக் கழற்றுவதில் ஒரு அழகு உண்டு. அச்சுக்கம்பியை உருவி, இடையில் இருக்கிற குழாய்த் துண்டைத் தட்டி எடுத்துவிட்டால், செயினும் பல்சக்கரமும் பிரேக்கும் இருந்த இடத்திலேயே நிற்கும், சக்கரம் மட்டும் தனியாகக் கழன்று வரும். மட்கார்டு இடிக்காமல் அதை வெளியே எடுக்க, யாராவது வண்டியை ஒரு பக்கமாகச் சாய்த்துப் பிடிக்க வேண்டும். அந்த வேலை எனக்கு. புல்லட்டின் பாரம் தொடையில் இறங்க, "விட்டிராத மக்கா" என்று ஆசான் சொல்லிக்கொண்டே சக்கரத்தை உருட்டி எடுப்பார்.

டயரைக் கழற்றப் பலம்தான் வேண்டும் என்று பார்க்கிறவர்களுக்குத் தோன்றும். இரண்டு லிவரைச் செருகி, பல்லைக் கடித்து நெம்பி, கடைசியில் உள்ளே இருக்கிற டியூபைக் கடித்துவைக்கிறவர்கள் எத்தனையோ பேர். ஆசான் நெம்பவே மாட்டார். வால்வுக்குள் இருக்கும் பின்னைக் கழற்றிக் காற்றை முழுக்க இறக்குவார். பிறகு டயர் மேல் ஏறி நின்று, குதிகாலால் சுற்றிச்சுற்றி மிதிப்பார். டயரின் விளிம்புக்குள் எஃகுக் கம்பி ஓடுகிறது. எவ்வளவு இழுத்தாலும் அது ஒரு நூல்கூட நீளாது. ஆனால் ரிம்மின் நடுவில் ஒரு பள்ளம் உண்டு. ஒரு பக்கத்து விளிம்பை முழங்காலால் அமுக்கி அந்தப் பள்ளத்துக்குள் இறக்கிவிட்டால், எதிர்ப்பக்கத்தில் அந்த அளவுக்குத் தளர்வு கிடைத்துவிடும். அதன்பிறகு லிவர் தொட்டால் போதும். பலத்தால் ஆகாதது இடம் கொடுத்தால் ஆகிறது என்பதை அவர் வாயால் சொன்னதில்லை. வேறு யாராவது நெம்புவதைப் பார்த்தால் மட்டும் "கம்பிகிட்ட சண்டைக்குப் போவாத" என்பார்.

டயர் வந்த பிறகுதான் உண்மையான வேலை தொடங்கும். ரிம்மின் உட்புறத்துத் துருவை உப்புத்தாளால் தேய்ப்பார். ஸ்போக்கின் முனை எங்காவது துருத்திக்கொண்டிருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்த்து, இருந்தால் அரத்தால் ராவுவார். ரிம் டேப் இற்றுப்போயிருந்தால் புதிது. புது டியூபில் இரண்டு வாய்க் காற்று மட்டும் விட்டு, அது உருண்டு நிற்கும் அளவுக்கு வந்ததும் முகத்துக்குப் போடும் பவுடரை மேலே தூவித் தடவுவார். பழைய பெயின்ட் டப்பாவில் சோப்புத் தண்ணீர், அதற்குத் தேங்காய் நாரில் ஒரு பிரஷ். விளிம்பு இரண்டுக்கும் சோப்பைப் பூசிவிட்டு, டயரின் பக்கவாட்டில் இருக்கும் அம்புக்குறி சக்கரம் சுற்றுகிற திசையைப் பார்க்கிறதா என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே சரிபார்ப்பார். டயரில் வண்ணப் பொட்டு இருந்தால், அது டயரின் பாரம் குறைந்த இடம். டியூபின் வால்வு அந்த இடத்தில் வர வேண்டும், பாரம் சமப்படும். கடைசியில் காற்று. கம்ப்ரசர் உறுமும், டயர் மெல்ல நிமிரும், விளிம்பு ரிம்மில் போய் உட்காரும்போது 'டப்' என்று ஒரு சத்தம், மறுபக்கத்தில் இன்னொரு 'டப்'.

அத்தோடு விடமாட்டார். ரிம்மை ஒட்டி டயரில் மெல்லிய கோடு ஒன்று வட்டமாக ஓடும். சக்கரத்தைச் சுற்றி அந்தக் கோடு ரிம்மிலிருந்து ஒரே தூரத்தில் தெரிகிறதா என்று பார்ப்பார். ஒரு இடத்தில் கோடு உள்ளே ஒளிந்திருந்தால் டயர் அங்கே சரியாக உட்காரவில்லை. மறுபடி காற்றை இறக்கு, சோப்புத் தண்ணீர், தரையில் நாலு தட்டு, மறுபடி காற்று. வண்டியில் மாட்டியபின் செயின். புல்லட்டில் அச்சின் இரு முனையிலும் நத்தை ஓட்டு வடிவத்தில் வெட்டுவைத்த தகடு இருக்கும். இடப்பக்கம் எத்தனையாவது வெட்டோ அதே வெட்டு வலப்பக்கமும் வர வேண்டும். இல்லையென்றால் சக்கரம் கோணலாக நிற்கும், எவ்வளவு நல்ல டயரும் ஒருபக்கமாகத் தேயும். முன்னால் 18, பின்னால் 28 என்று காற்றைச் சரியாக வைத்துவிட்டு, எழுந்து இடுப்பைப் பிடித்துக்கொண்டு அந்த வாக்கியத்தைச் சொல்வார்:

"நூறு கிலோமீட்டர் வரைக்கும் சாய்க்காதீங்க சாரே. பிரேக்க சவட்டாதீங்க. மழைன்னா வண்டியை எடுக்கவே வேண்டாம்."

அம்மாவின் வீடு குலசேகரம் பக்கம். ரப்பர்க்காடு. விடிவதற்கு முன்பே நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு பால் வெட்டப் போவார்கள். பட்டையில் சரிவாகக் கீறிய கோட்டில் பால் வடிந்து சிரட்டையில் சொட்டும். பத்து மணி வாக்கில் வாளியில் சேர்த்து, ஆசிட் விட்டு உறையவைத்து, ரோலரில் கொடுத்து ஷீட் அடிப்பார்கள். கொடியில் வெள்ளையாகத் தொங்குகிற ஷீட் புகை பட்டுப் பட்டுத் தேன்நிறத்துக்கு வரும். ஒட்டுப்பாலின் நாற்றம் தெரியாதவர்களுக்கு அதை எழுதிக் காட்ட முடியாது. எனக்கு அது விடுமுறையின் வாசம்.

ரப்பர் இவ்வளவு வெளுப்பாக இருக்க, டயர் எப்படிக் கறுப்பாகிறது என்று தாத்தாவைக் கேட்டிருக்கிறேன். "கரி போடுவான்" என்றார். விளக்கம் அவ்வளவுதான், ஆனால் சரியான விளக்கம். கார்பன் பிளாக் என்கிற நுண்ணிய கரித்தூள் சேரும்போதுதான் ரப்பர் தேய்மானத்தைத் தாங்கும் வலுவைப் பெறுகிறது. கந்தகமும் சூடும் சேர்த்து ரப்பரைப் பதப்படுத்தலாம் என்று சார்லஸ் குட்இயர் 1839-இல் கண்டுபிடிக்காமல் இருந்திருந்தால் அது வெயிலில் இளகி, குளிரில் விறைத்துக்கொண்டு எதற்கும் உதவாத பொருளாகவே இருந்திருக்கும். தாத்தாவுக்கு இதெல்லாம் தெரியாது. அவருக்குத் தெரிந்தது, 1946-இல் திருவொற்றியூரில் பலூன் செய்யத் தொடங்கிய கம்பெனிதான் பிற்பாடு எம்ஆர்எஃப் ஆயிற்று என்பது. "பலூன் ஊதினவன் டயர் செய்யுதான், நாம இன்னும் சிரட்டையைக் கழுவிட்டு இருக்கோம்" என்று ஷீட் விலை இறங்கும்போதெல்லாம் சொல்வார்.

அப்பாவுக்கு ஆரல்வாய்மொழிப் பள்ளிக்கூடத்தில் வேலை. வாரநாளில் நாகர்கோவிலிலிருந்து தோவாளை வழியாக நேர் சாலையில் போய்வருவார். பெரிய வளைவு என்று ஒன்றும் கிடையாது, காற்று மட்டும்தான். விடுமுறை நாளில் தக்கலை, அழகியமண்டபம், திருவட்டார் வழியாகக் குலசேகரம். இந்தப் பாதையில் நேர் சாலை என்று ஒன்றும் கிடையாது. ஒரு வளைவு முடியுமுன் அடுத்தது தொடங்கும்.

அப்படியொரு விடுமுறைக்குப் போய்வந்த மறுநாள், அப்பா கோபமாக வண்டியை ஆசான் கடைக்கு விட்டார். நான் பின்னால் உட்கார்ந்திருந்தேன். புது டயர் போட்டதிலிருந்து வண்டி சொன்ன பேச்சைக் கேட்கவில்லை, திருவட்டார் வளைவில் நான் நினைப்பதற்கு முன்னாலேயே அது திரும்புகிறது, படுத்துவிடுமோ என்று பயமாக இருக்கிறது, சக்கரத்தைக் கோணலாக மாட்டியிருக்கிறாய் என்று பொரிந்து தள்ளினார். ஆசான் பதில் பேசாமல் கடைக்குப் பின்னால் போய், எங்கள் பழைய டயரைத் தேடி எடுத்து வந்தார். அதை நட்டமாக நிறுத்தி, வண்டியில் இருந்த புது டயருக்குப் பக்கத்தில் வைத்தார். புதியதன் முதுகு ஒரே வளைவாக, ஓரம் வரைக்கும் உருண்டு போயிற்று. பழையதன் நடுப்பகுதி தேய்ந்து தட்டையாகி, இரு ஓரத்திலும் ஒரு விளிம்பு மேடு கட்டியிருந்தது. ஆசான் உள்ளங்கையை அந்தத் தட்டையின் மேல் வைத்தார்.

"பாருங்க சாரே, பலகை. இதுல வண்டி சாயணும்னா இந்த மேட்டை ஏறித் தாண்டணும். நீங்க ஹேண்டிலைத் தள்ளித்தள்ளி சாய்ச்சீங்க. இப்ப உருட்டு டயர். அதே தள்ளு தள்ளினா பொத்துன்னு விழும். டயருக்கு ஒரு கொறையும் இல்ல. உங்க கையிதான் பழசுக்குப் பழகிப் போச்சு."

அப்பா கொஞ்ச நேரம் பழைய டயரையே பார்த்துக்கொண்டிருந்தார். கணக்கு வாத்தியார். வடிவம் என்றால் உடனே பிடிபட்டுவிடும்.

புது டயர் வழுக்கும் என்று எல்லாரும் சொல்கிறோம், அது உண்மைதான். அச்சுக்குள் வெந்து வெளியே வரும் டயரின் தோல் அச்சின் வழவழப்பை அப்படியே வாங்கிக்கொண்டு வரும். அச்சில் ஒட்டாமல் இருக்கப் பூசும் பொருளின் மிச்சமும் சிலவற்றில் இருக்கும். பாதுகாப்புக்காக ரப்பரில் சேர்க்கும் மெழுகு மெல்ல மேலே கசிந்து வரும். அச்சின் காற்றுத் துளைகளில் புகுந்த ரப்பர், முடிமுடியாக நீட்டிக்கொண்டு நிற்கும். சின்ன வயதில் அதைப் பிடுங்குவது எனக்குத் தனி சுகம். இவையெல்லாம் சாலையில் உரசி, மேல்தோல் சொரசொரப்பாகும் வரைக்கும் பிடிப்பு குறைவுதான். ஆழமான புது பட்டன்களும் தொடக்கத்தில் கொஞ்சம் நெளியும். தயாரிப்பாளர்கள் பலர் 100 மைல், அதாவது ஏறக்குறைய 160 கிலோமீட்டர் நிதானமாக ஓட்டச் சொல்கிறார்கள். ஆசானின் நூறும் அவர்களுடைய நூறும் எப்படி ஒன்றாக வந்தன என்பது எனக்கு விளங்கவில்லை. யாரோ எங்கோ மைலைக் கிலோமீட்டராகக் கேட்டிருக்க வேண்டும்.

ஆனால் இத்தனை வருடம் கழித்து யோசிக்கும்போது, அந்த நூறு கிலோமீட்டரில் பாதி டயருக்கு, மீதி ஓட்டுகிறவனுக்கு என்றுதான் படுகிறது. டயர் ஒரே நாளில் தேய்வதில்லை. பிடிப்பு குறையக் குறைய, முதுகு தட்டையாக ஆக, நம் கையும் இடுப்பும் நமக்குத் தெரியாமலே அதற்கு ஈடுகொடுத்துப் பழகிவிடுகின்றன. புது டயர் வந்த நாளில் மாறுவது வண்டி மட்டும். உடம்பு பழைய வண்டியைத்தான் ஓட்டிக்கொண்டிருக்கிறது. மெழுகைக் குறை சொல்வது சுலபம், அது கண்ணுக்குத் தெரிகிறது.

டயரைப் பழக்குவதற்கென்றே நாலுவழிச் சாலையில் திருநெல்வேலி வரை நேராகப் போய்வருகிறவர்களைப் பார்த்தால் எனக்குச் சிரிப்பு வரும். நூற்றைம்பது கிலோமீட்டருக்கு மேல் ஆகிவிட்டது, இனிப் பயமில்லை என்பார்கள். குனிந்து டயரைப் பாருங்கள். நடுவில் ஒரு பட்டை மட்டும் மங்கிச் சாம்பல் பூத்திருக்கும். இருபுறமும் கடையில் வாங்கிய மினுமினுப்பு அப்படியே இருக்கும். அந்த ஓரம் சாலையைத் தொட்டதே இல்லை. முதல் வளைவில் சாய்க்கும்போது அவர்கள் புது டயரில்தான் போகிறார்கள். குலசேகரத்திலிருந்து பேச்சிப்பாறை போகிற மாதிரிச் சாலையில், காய்ந்த வெயிலில், முதலில் கொஞ்சம் சாய்த்து, அப்புறம் இன்னும் கொஞ்சம் என்று போனால் அந்த மினுமினுப்பு ஓரத்தை நோக்கி ஒதுங்கிக்கொண்டே வருவது கண்ணுக்குத் தெரியும். உப்புத்தாள் போட்டுத் தேய்க்கிறவர்களும் உண்டு. மண்ணெண்ணெய் போட்டுத் துடைக்கிறவர்களும் உண்டு. முதலாவது வீண்வேலை, இரண்டாவது ரப்பருக்குக் கேடு.

சித்தப்பா விழுந்தது இடவப்பாதி மழையின் முதல் வாரத்தில். பின் டயர் புதிது. திருவட்டார் தாண்டி, இருபுறமும் ரப்பர்மரம் நெருங்கிய இடம், சாலையில் பாசி. நாய் குறுக்கே வர, காலால் பிரேக்கைச் சவட்டினார். பின்சக்கரம் பூட்டிக்கொண்டு பக்கவாட்டில் வந்தது. முழங்கையும் வேட்டியும் போயின, வண்டிக்கு ஒன்றுமில்லை. வீட்டுக்கு வந்து டயர் கம்பெனியைத் திட்டினார், மழையைத் திட்டினார், நாயைத் திட்டினார். முன்பிரேக்கைத் தொட்டீர்களா என்று அப்பா கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லவில்லை. முன்பிரேக் பிடித்தால் குப்புற விழுவோம் என்று நம்பிய தலைமுறை அது.

வழுக்கலை வேண்டுமென்றே பூசுகிற காலமும் பிற்பாடு வந்தது. என் சொந்த வண்டியை ஒருமுறை தண்ணீர் சர்வீசுக்கு விட்டு எடுத்தபோது டயர் பளபளவென்று புதுமணப்பெண்ணாக நின்றது. பக்கவாட்டில் மட்டுமல்ல, சாலையைத் தொடும் முதுகிலும் பையன் டயர் பாலிஷை வழித்துப் பூசியிருந்தான். கையால் தொட்டால் எண்ணெய்ப் பிசுக்கு. சோப்புப் போட்டுக் கழுவித் தந்தால்தான் எடுப்பேன் என்று அங்கேயே நின்றேன். முதலாளிக்கு என் மேல் வருத்தம். "எல்லாரும் கேட்டு வாங்குறாங்க சார்" என்றார். பொய்யில்லை, கேட்டுத்தான் வாங்குகிறார்கள். இன்னொரு கடையில் 'புது ஸ்டாக்' என்று எடுத்து வைத்த டயரைத் திருப்பித் தந்திருக்கிறேன். பக்கவாட்டில் நீள்வட்டத்துக்குள் இருக்கும் நான்கு இலக்கத்தில் முதல் இரண்டு வாரத்தையும் பின் இரண்டு வருடத்தையும் சொல்லும். 1214 என்றால் 2014-ஆம் ஆண்டின் 12-ஆவது வாரம். நான் வாங்கப்போனது 2019-இல். ஓடாத டயருக்கும் வயசாகும், ரப்பர் இறுகும். கடைக்காரர் அந்த எண்ணை முதன்முதலாகப் பார்ப்பதுபோல் பார்த்தார்.

ஆசான் கடை இருந்த இடத்தில் இப்போது செல்போன் கடை. மகளிடம் மீட்டியார் 350 இருக்கிறது. முன்னால் 100/90-19, பின்னால் 140/70-17, டியூப் கிடையாது, ஸ்போக்கும் கிடையாது. போன வருடம் பின் டயரை மாற்றியபோது கண்ணாடிக் கதவு போட்ட கடைக்குப் போனாள். மெஷின் டயரைக் கழற்றியது, மெஷினே மாட்டியது, பேலன்ஸ் பார்த்து ரிம்மில் ஈயத் துண்டு ஒட்டினார்கள். குறை சொல்ல ஒன்றுமில்லை, நெம்பல் கிடையாது, டியூப் கடி கிடையாது. ஆனால் சாய்க்காதே என்று சொல்ல அங்கே யாரும் இல்லை.

சாயங்காலம் போன் செய்தாள். வண்டி கல்லு மாதிரிக் குதிக்கிறது, வளைவில் தானாக விழுகிறது, கடைக்குத் திரும்பிப் போகட்டுமா என்றாள். "விழுறது சரியாப் போயிரும். குதிக்கிறதுக்குக் காத்து பாரு" என்றேன். பெட்ரோல் பங்கில் பார்த்தால் பின்னால் 44. விளிம்பு ரிம்மில் உட்காருவதற்காக ஏற்றிய காற்றை இறக்க மறந்து அனுப்பியிருக்கிறார்கள். டியூப்லெஸ் டயரை மாட்டும்போது ஏற்றத்தான் வேண்டும், இறக்கவும் வேண்டும். கம்பெனி சொன்ன அளவுக்கு இறக்கிய பிறகு குதிப்பது நின்றது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை இருவரும் பேச்சிப்பாறை வரை போனோம். அவள் முன்னால், நான் என் வண்டியில் பின்னால். முதல் சில வளைவுகளில் அவள் ஹேண்டிலைத் தேவைக்கு மேல் தள்ளுவது பின்னாலிருந்தே தெரிந்தது, தள்ளிவிட்டு அவளே திடுக்கிட்டு நிமிர்த்துவாள். குலசேகரம் தாண்டுவதற்குள் அது குறைந்துவிட்டது. டீக்கடையில் நிறுத்தி டயரைப் பார்த்தோம், மினுமினுப்பு இரு ஓரத்திலும் விரலளவுக்கு ஒதுங்கியிருந்தது.

"அப்படியே முன்னால உள்ளதையும் பாரு" என்றேன்.

குனிந்து எண்ணைத் தேடிப் படித்தாள். அப்புறம் நகத்தை பட்டன் பள்ளத்தில் விட்டு ஆழம் பார்த்தாள். "இது இன்னும் ஓடும்ப்பா. பின்னால தேயும்போது இதைக் கழட்டிப் பின்னால போட்டா என்ன?"

"போட முடியாது. 19-க்கு 17 சேராது" என்றேன். என் அப்பாவிடமிருந்து வந்த கணக்கு அது என்று அவளுக்குத் தெரியாது. டீ ஆறிப்போகிறது என்று கடைக்காரர் சத்தம் போட்டார்.